கண்ணை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவலர் தேர்வு வந்தாலே வினாத்தாளைப் பற்றியும் ஓட்டத்தின் கடுமையைப் பற்றியும் கடிதங்கள் குவியும். கண் பரிசோதகரான எனக்கு வேறொரு ஆதங்கம்.

எழுத்துத் தேர்வில் தேறி, உயரம், மார்பளவு, ஓட்டம் என எல்லாவற்றையும் கடந்து, மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் எங்களிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா, மேடம்?" சரியாகாது. அதைச் சொல்லும் வேலை என்னுடையது.

ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, நிறப் புள்ளிகளுக்குள் ஓர் எண் மறைந்திருக்கும் படங்களை வைத்துத்தான் இன்றும் சோதிக்கிறோம். முதல் படத்தில் இருக்கும் 12 எல்லோருக்கும் தெரியும். சோதனை எப்படி என்று காட்டுவதற்காகவே வைத்தது. அதைப் பட்டென்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த படத்தில் இருப்பது 8. சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் கொஞ்சமும் தயங்காமல் "மூன்று" என்பார். 74 இருக்கும் இடத்தில் 21 என்பார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. பிறவியிலேயே இருப்பதால் வித்தியாசமே தெரியாமல் வளர்ந்துவிடுகிறார்கள். சிக்னலில் மேலே எரிவது சிவப்பு என்று இடத்தை வைத்தே பழகிவிடுகிறார்கள். (விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. படங்களின் வரிசையை மாற்றினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.)

விதியை நான் குறை சொல்லவில்லை. ஓடிய வண்டி என்ன நிறம் என்று காவலருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். விண்ணப்பித்த அத்தனை பேரையும் மருத்துவரிடம் அனுப்ப முடியாது என்பதும் நியாயம்தான். ஆனால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் ஒன்றை ஏன் வருடக்கணக்கில் உழைத்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டும்? அறிவிப்பின் பின்பக்கத்தில், தட்டைப் பாதத்துக்கும் முட்டி இடிப்பதற்கும் நடுவில் ஒரு சொல்லாக நிறக்குருடைப் போட்டால் யார் கண்ணில் படும்? முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில், "விண்ணப்பிக்கும் முன் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று போடட்டும். பயிற்சி மையங்கள் சேர்ந்த அன்றே உயரம் அளக்கின்றன, கட்டணமும் வாங்குகின்றன. கண் பரிசோதனைச் சீட்டையும் அன்றே கேட்டால் என்ன?

இன்னொன்று. இஷிஹாரா படங்களில் தவறுகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவு குறைபாடு உள்ளவர்கள் அல்லர். நிற வில்லைகளை வரிசைப்படுத்தச் சொல்லும் பார்ன்ஸ்வொர்த் டி-15 சோதனையில் லேசான குறைபாடு உள்ளவர்கள் பலர் தேறிவிடுவார்கள். அமெரிக்காவில் பல காவல் துறைகள் இதை இரண்டாவது வாய்ப்பாக ஏற்கின்றன. அந்த வாய்ப்பு எல்லா இடத்திலும் கிடைக்க வேண்டும்.

பள்ளிகளில் நடக்கும் கண் முகாம்களில் எழுத்துப் பலகையைக் காட்டுவதோடு சரி. இந்தப் படப் புத்தகத்தையும் கொண்டுபோகும்படி முகாம் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கண் பரிசோதகர்