பூச்சி தின்னும் செடிக்குக் காய்ச்சிய தண்ணீரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மாடித்தோட்டப் பகுதியில் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால், வீனஸ் ஃபிளைட்ராப் செடிக்குக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாம் என்ற வரியை அப்படியே விட முடியவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

காய்ச்சினால் கிருமி சாகும், சரி. உப்பு எங்கே போகும்? கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் படியும், அவ்வளவுதான். சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும்.

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். அங்கே சத்தில்லாத ஈர மணலில் வளர்கிறது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனுக்காகத்தான் இலையால் ஈ பிடிக்கிறது. அந்த வேர் உப்பைத் தாங்காது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் மடிப்பாக்கம் வீட்டு போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் 1,300 காட்டுகிறது.

மேல் வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தன் ஃபிளைட்ராப் தொட்டியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். பாசியின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுரண்டினால் நகத்தில் மாவாக ஒட்டியது. புதிதாக வந்த, ஈ பிடிக்கும் பொறி இலைகள் விரியாமலே கருகியிருந்தன. தட்டில் நிற்கிற தண்ணீர் வெயிலில் வற்றும், உப்பு தங்கிவிடும், மறுநாள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும்.

“எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கே ஆன்ட்டி” என்றாள். அளந்தோம், 110. பல இயந்திரங்கள் ருசிக்காகத் தாதுவைத் திரும்பக் கலந்துவிடுகின்றன. கேன் தண்ணீரிலும் இந்தக் கதை உண்டு. அடுக்குமாடிகளில் வைத்திருக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் இன்னும் மோசம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது. எதையும் நம்ப வேண்டாம், சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, அளந்து பாருங்கள்.

மழைத் தண்ணீருக்கு ஈடில்லை. மொட்டை மாடித் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை மட்டும் விட்டுவிட வேண்டும். கோடையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அப்புறம் தொட்டி. நம் ஊர் நர்சரிகளில் எதற்கும் தேங்காய் நார்க்கழிவைத் திணித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும்; அதில் மழைத் தண்ணீரை ஊற்றினாலும் செடி பிழைப்பது கஷ்டம். தொட்டியில் ஸ்பேக்னம் பாசியோ, அது சதுப்பில் மக்கிக் கிடைக்கும் பீட்டோ இருக்க வேண்டும். மண்புழு உரம், பஞ்சகவ்யம் எதுவும் கிட்டே வரக்கூடாது.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வந்தால் நாலு பேர் டிரம் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். டிரம்மின் வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டவும் சொல்லுங்கள். கொசுவை ஒழிக்க இந்தச் செடியை நம்ப முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.