தஞ்சைக் கோயில் சுவரில் இருப்பது தமிழ்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தின், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தின், படத்தைப் போட்டு, அதன் கீழே 'யாருக்கும் விளங்காத புராதன எழுத்துகள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படம் மங்கலாக இருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். எழுத்துக்கு எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று தமிழ்க் கல்வெட்டைக் காட்டி, தமிழ் வாசகரிடம் இது யாருக்கும் விளங்காது என்று சொல்லலாமா?

ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பிக்கத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் பெரும்பகுதி இந்த ஒரு கோயிலின் கல்வெட்டுகள்தான். தாங்கள் அறியாததல்ல. சாவா மூவாப் பேராடு, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு, 96-க்கு ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு), விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்குச் சொல்கிற சுவர் அது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், முன்பு இருந்த ஊர், இங்கே எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்காக 100 கலம் நெல் என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. இவ்வளவையும் வெட்டிவைத்தவர்கள் நாம் படிப்போம் என்று நம்பித்தான் வெட்டினார்கள்.

பழகாத கண்ணுக்கு முதலில் தடுமாற்றம் இருக்கும், மறுக்கவில்லை. அந்தத் தடுமாற்றத்துக்கான காரணங்கள் சொற்பம். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கல்லின் விளிம்பு வந்தால் சொல் பாதியில் உடைந்து அடுத்த கல்லில் தொடரும். வடசொற்கள் வரும் இடத்தில், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து வரும். இதைத் தெரிந்துகொண்டு, ட, ப, ய போல இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை முதலில் தேடிப் பிடித்தால் நடுவிலுள்ளவை தாமாக அவிழும். தொடக்கம் எப்போதும் உதவிக்கு வரும். முதலில் 'ஸ்வஸ்திஸ்ரீ'. பிறகு அரசன் புகழைப் பாடும் மெய்கீர்த்தி. ராஜராஜனுக்கு 'திருமகள் போல', ராஜேந்திரனுக்கு 'திருமன்னி வளர'. அது முடிகிற இடத்தில் அரசன் பெயர், 'யாண்டு' என்ற சொல், ஆட்சியாண்டு. கோயிலின் முதன்மைக் கல்வெட்டில் அந்த யாண்டு 'இருபத்தாறாவது' என்று எழுத்தாலேயே வெட்டப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தால் இந்த அளவு படித்துவிடும். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

எழுத்து தெரியாமல் போவதற்கு வெளிச்சமும் காரணம். சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருந்தால் வெட்டின் பள்ளம் மறைந்து சுவர் மழமழவென்று தெரியும். வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும். கோயில் கிழக்கு பார்த்தது. புரட்டாசிக்குப் பிறகு பங்குனி வரை, காலையிலும் பிற்பகலிலும் தெற்குச் சுவரில் இந்த வெளிச்சம் கிடைக்கும். வடக்குச் சுவர் ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். அதற்குக் கைவிளக்கு வேண்டும். விளக்கைச் சுவரோடு சுவராக, எழுத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்தினால் ஒவ்வொரு கோடும் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். படம் எடுப்பவர் நேரே நிற்க, விளக்கை இன்னொருவர் பிடிக்க வேண்டும். கேமராவின் ஃபிளாஷ் கூடவே கூடாது.

இதை யாரும் சொல்லாததால் நடப்பது என்ன? கைப்பேசிப் படத்துக்காக எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்க்கிறார்கள். திருநீற்றைப் பூசுகிறார்கள், எண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறுத்து, வெட்டின் பள்ளத்தை அடைத்துவிடும். பிறகு கழுவுகிறேன் என்று யாராவது கம்பித் தூரிகையோடு வந்தால் எழுத்தின் விளிம்பு போய்விடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2010 திருத்தத்துக்குப் பின், 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. தங்கள் பக்கத்தில் இது ஒரு வரிகூட வந்ததில்லை.

எழுத வந்த பிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆண்டுதோறும் அச்சிடுகிறீர்கள். காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் நின்றால் நீண்டு கிடக்கும் நிழலை யாரும் பார்க்கலாம். சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வரும் நாள்களின் நண்பகலில் மட்டும் அது விமானத்தின் அடிக்குள்ளேயே ஒடுங்கும். உயரமான எந்தக் கூம்புக்கும் அதுதான் நடக்கும். 1010-இல் நிறைவேறிய அந்தக் கட்டுமானத்துக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையில்லை.

தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்ற யோசனையும் அப்படித்தான். நண்பகலில் நடை சாத்தினால் திறக்க 4 மணி ஆகும். வெறுங்காலோடு அந்தக் கருங்கல் தளத்தில் 11 மணிக்கு மேல் நிற்க முடியாது. தாராசுரத்தில் பெரியபுராணச் சிற்பங்கள் கையகலத்தில் இருப்பவை; ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்க்க வேண்டும். ஓட்டமாய் ஓடுகிறவர்களுக்கு அவை இருப்பதே தெரிவதில்லை.

சிறிய ஊர்க் கோயில்களின் திருப்பணியைப் 'புதுப்பொலிவு' என்று பாராட்டி எழுதுகிறீர்களே, அதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. தளத்தை உயர்த்திச் சிமெண்ட் போட்டதில் அடித்தளத்தின் புடைப்பு வரிசையான குமுதத்துக்குக் கீழே வெட்டிய வரிகள் மண்ணுக்குள் போய்விட்ட கோயில்கள் எத்தனை! சுவரைச் சுத்தம் செய்ய மணலை விசையோடு பீய்ச்சும் மணல் வீச்சுக்குத் தடை வந்தபோது அந்தச் செய்தியைத் தாங்களும் வெளியிட்டீர்கள். தடைக்கு முன் வீசிய சுவர்களில் எழுத்து தேய்ந்து, விரலால் தடவினால்கூட வடிவம் பிடிபடுவதில்லை. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது, ஈரமும் உப்பும் கல்லின் வழியாகவே வெளியேறி, மேல்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். காஞ்சிக் கைலாசநாதர் போன்ற மணற்கல் கோயில்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி இரண்டு வரி போடுங்கள். இனி கோயில் ஊர்களைப் பற்றி எழுதும்போது, உணவகங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் நடை திறக்கும் நேரம், எந்தச் சுவரை எந்த வேளையில் பார்ப்பது, எழுத்தின் மேல் எதையும் தடவக் கூடாது என்ற மூன்றையும் சேர்த்துவிடுங்கள். எட்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.