தன் பாவனைக்குச் செய்தால் குற்றமா?

ஆசிரியருக்கு,

பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமை பெற்ற களைபிடுங்கியைப் பார்த்து வீட்டுக்கென ஒன்று செய்வதும் குற்றம் என்ற பேச்சு எங்கள் பட்டறைகளில் பரவலாக உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையாளரால் தடுக்கக்கூடியது கைத்தொழில், வர்த்தக நோக்கிலான செயல்களை மட்டுமே. வீட்டு முற்றத்துக்கு நீங்களே ஒட்டிப் பொருத்தினால் பிரச்சினையில்லை.

சிக்கல் வேறிடத்தில். இணுவிலில் சந்தைக்கு வெங்காயம் செய்பவர் அதைத் தோட்டத்தில் இறக்கினால் தொழில் பாவனை என்று வாதிட இடமுண்டு. கூலிக்குச் செய்துகொடுக்கும் லேத்காரருக்கோ அது வியாபாரமேதான். 'ஒன்றுதானே செய்தேன்' என்பது அவரைக் காப்பாற்றாது.

அந்த உரிமை இங்கே உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இந்தியாவில் பெற்றது இலங்கையில் செல்லாது. இங்கு பெற்றதும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கே. ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஆக்கவுரிமை ஆவணத்திலுள்ள படத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம், எதற்கு உரிமை என்று அதில் வரையறுத்திருக்கும் உரிமைக்கோரல்களைப் படியுங்கள். முதற்கோரலில் சில்லு, சுருள்வில், பற்சட்டம் மூன்றும் இருக்க, உங்களுடையதில் சுருள்வில்லும் இல்லை, அதன் வேலையைச் செய்யும் வேறொன்றும் இல்லையென்றால் பொதுவாக அந்தக் கோரல் மீறப்படாது.

வெளிநாட்டு உறவினருக்கு வரைபடம் அனுப்புவோர் கவனிக்க: பிரித்தானியாவில் வர்த்தகமற்ற தனிப்பாவனைக்கு விலக்கு உண்டு, அமெரிக்காவில் இல்லை.

ஒரு வாசகர்,
கோண்டாவில்