ஆயா தைத்த பை

டர்பனில் உள்ள எங்கள் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் நால்வருக்கும் தென்னாப்பிரிக்காவின் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கைக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சில ஆண்டுகளில் நாங்கள் பட்டதையெல்லாம் நீங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள் என்பதால், அதை மறுபடியும் விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. தாள்களைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டு, அந்த நடுக்கம் அடங்குவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு துணிப்பையைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல என்னால் முடியாது.

சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஆயாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆயா என்றே எழுதுகிறேன். எழுபத்தெட்டு வயது, இளமையில் டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மேவில் பக்கம் இருந்த பிறந்த வீட்டை நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் பறிகொடுத்துவிட்டு, பதினேழு வயதில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். கோயிலில் அவர் தேவாரம் பாடினால் கூட்டம் அமைதியாகிவிடும். ஆனால் அதை அவர் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார், தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்த அந்த நாளில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, நான் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பதினெட்டு வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்றிதழ், மருத்துவச் சான்று, எக்ஸ்ரே அறிக்கை, திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ்கள், என் கணவர் வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம் என்று எத்தனை தாள்கள்! காவல்துறைச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். ஊரிலிருந்து ஒன்று வந்து சேர்வதற்குள் இங்கே வாங்கிய இன்னொன்று காலாவதியாகிவிடும். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டிய ஆயா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெதுவாகக் குனிந்து, ஈரம் பட்டுச் சுருங்கியிருந்த ஒரு சான்றிதழை எடுத்து, தம் புடவைத் தலைப்பால் ஒற்றி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஒரு பையோடு வந்தார். பழைய திரைச்சீலைத் துணி, உள்ளே வழவழப்பான லைனிங், தாள் மடங்காதபடி விளிம்பில் அட்டை. உள்ளே ஆளுக்கொன்றாக நான்கு அறைகள். ஒவ்வோர் அறையின் மேலும் எங்கள் பெயர்கள் சிவப்பு நூலில், தமிழில்! என் மகளின் வீட்டுப்பாட நோட்டை வாங்கிப் போனது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எழுத்தை வாசிக்கத் தெரியாதவர் கோலத்தைப் பார்த்து இழுப்பது போல ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தார். மகனின் பெயரில் கடைசி மெய்யெழுத்துக்குப் புள்ளி மட்டும் விடுபட்டிருந்தது. வெளிப்புறத்தில் ஐந்தாவதாக ஒரு பெரிய அறை இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு என்றார். தாளைக் காப்பதிலேயே கண்ணாக இருந்து வயிற்றைக் காயப்போடுவீர்கள், வரிசையில் பிள்ளைகள் பசியோடு நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். அதன் பிறகு நாங்கள் அலுவலகத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் விடியுமுன்னே உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி அந்த அறையில் சூடாக வந்துவிடும்.

ஒரு மாலை அவர் தம் வீட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்து தம் பூட்டனாரின் காகிதத்தைக் காட்டினார். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரில் அவரும் ஒருவர். காகிதத்தில் பெயருக்கு முன்னால் எண் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே வாழ விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். எத்தனையோ பேர் சிறை சென்ற பிறகு, தில்லையாடி வள்ளியம்மையின் உயிரும் போன பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. இந்தியர்களை இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டதோ 1961இல், ஆயாவுக்குப் பதினான்கு வயதாகும்போது. “எங்களுக்கு நூறு வருஷம் ஆச்சு கண்ணு, உனக்கு அவ்வளவு ஆகாது” என்று அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை நான் மறக்க மாட்டேன். விமானத்தில் வந்து இறங்கிய எங்கள் கஷ்டத்தை அவர்கள் பட்ட பாட்டோடு வைத்துப் பேசக் கூடாது என்பதை அறிவேன். இருந்தாலும், இருக்க விடுவார்களா என்ற கேள்வியோடு தூங்கப் போகும் இரவு எப்படிப்பட்டது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்து நன்றி சொல்வதற்கு மன்னியுங்கள். தஞ்சாவூரில் வெயிலில் நின்று என் பிறப்புச் சான்றிதழை வாங்கி அனுப்பிய தம்பி. கட்டணத்துக்குப் பணம் குறைந்தபோது கேட்காமலே கொடுத்த கோயில் நண்பர்கள். தேர்வு நாளை மாற்றிக் கொடுத்த மகனின் ஆசிரியை. உறுதிமொழிப் பத்திரத்தில் பொறுமையாக முத்திரையிட்டு, தம் தாய்மொழி ஜூலுவில் எங்களை வாழ்த்திய காவலர். எல்லோருக்கும் எங்கள் வணக்கம். தகப்பன் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டம் எனக்கு எப்போதும் தடையாக இருந்தது. அதை எப்படி விளக்கி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பெரியவர், தம் குடும்பப் பெயரே கப்பலில் வந்த முன்னோரின் சொந்தப் பெயர்தான் என்றார். அண்ணா, உங்கள் நான்கு வரிகள்தான் அந்தக் கட்டத்தைத் தாண்டி எங்களைக் கொண்டு சேர்த்தன.

மகள் டர்பனில் பிறந்தவள். ஆனாலும் அடையாள எண் இல்லாத பிறப்புச் சான்றிதழோடுதான் இத்தனை நாள் இருந்தாள். இனி அவளுக்கும் எண் கேட்டு விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளியே இருந்தால் இந்த உரிமை போய்விடக்கூடும் என்று விதி சொல்கிறது. நாங்கள் எங்கும் போவதாக இல்லை.

இரண்டு காரியங்களைச் செய்வதாக உங்கள் முன் வாக்குக் கொடுக்கிறேன். தாள்களோடு திண்டாடும் எந்தக் குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வரலாம். பணம் ஏதும் வாங்காமல், எத்தனை இரவானாலும் உடன் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுப்பேன். அடுத்து, புரட்டாசி விரதம் முடிந்ததும் சனிக்கிழமைதோறும் மாலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து சொல்லித் தருவேன். முதல் மாணவியாக ஆயா பெயர் கொடுத்துவிட்டார். தேவாரத்தைத் தமிழ் எழுத்திலேயே பார்த்துப் பாட வேண்டுமாம். மகன் பெயரில் விடுபட்ட புள்ளியை நானே தைத்துவிடலாமா என்று ஒருமுறை ஊசியைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதை அவரே தைக்கட்டும், சிவப்பு நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.