"போய் வருகிறேன்" என்று சொல்ல இரண்டு வீடுகள்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜப்பானின் செண்டாய் நகரில் ஐந்தரை வருடம் படித்துவிட்டு, 2024 மார்ச்சில் முனைவர் பட்டத்தோடு சேலம் வந்து சேர்ந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்து போய்ச் சேர வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் என் கல்லூரி உலோகவியல் ஆசிரியர். ஜப்பான் அரசு 1954 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது, மெக்ஸ்ட் என்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும். கல்விக் கட்டணம் இல்லை, விமான டிக்கெட்டும் அவர்கள் செலவு. ஆனால் விண்ணப்பத்துக்கு உயிர் ஆய்வுத் திட்டம்தான். என்னுடையதை ஏழு முறை திருத்தினார். "எஃகைப் பற்றி எல்லாம் செய்வேன்னு எழுதாதம்மா. எந்த எஃகு, என்ன கேள்வி, அதை எழுது" என்பார். செண்டாயில் இருக்கும் தொஹோகு பல்கலைக்கழகத்தைக் காட்டியதும் அவரே. 1917இல் உலோக ஆய்வாளர் ஹோண்டா கொத்தாரோ, கே.எஸ். என்ற காந்த எஃகை உருவாக்கிய இடம் அது.

அடுத்து, அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழு. உதவித்தொகை கிடைத்தாலும் முதல் மாதப் பணம் கைக்கு வர நாளாகும், சுமார் 2,000 டாலர் எடுத்து வாருங்கள் என்று வழிகாட்டுதலிலேயே இருந்தது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு நாங்கள் எங்கே போவது? குழுவில் இரண்டு அக்காக்கள் தங்கள் முறைக் கடனை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் வீட்டுக் கூரை அந்த மழைக்காலமும் ஒழுகியது என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா, கடன் அடைந்துவிட்டது. அந்த மழைக்காலத்தை நான் எப்படித் திருப்பித் தருவேன்?

ஜப்பான் மக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆய்வு மாணவியாக மாதம் 1,43,000 யென், முதுகலையில் 1,44,000, முனைவர் படிப்பில் 1,45,000. ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடும்போதெல்லாம், இது இங்கே வேலை செய்கிறவர்களின் வரிப்பணம் என்று நினைத்துக்கொள்வேன்.

மொழியைக் கையில் கொடுத்தவர், வாரம் ஒரு நாள் சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் மூன்று மாதம் எனக்கு எதுவும் ஏறவில்லை. ஒருநாள் அவர் "தபெதெ மிரு" என்பதை விளக்கினார். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! அப்படியே தமிழ். "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. சொல் வேறு, கட்டுமானம் நம்முடையது. அதைப் பலகையில் தமிழில் எழுதிக் காட்டினேன். அவரும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் வாக்கியங்களைத் தமிழிலேயே யோசித்து ஜப்பானியச் சொற்களை வைத்துப் பேசினேன். பயம் போய்விட்டது.

ஆய்வகத்து அண்ணன்களை மறக்க முடியாது. இலையுதிர் காலத்தில் ஹிரோசே ஆற்றங்கரையில் கல் அடுக்கி, விறகு மூட்டி, பெரிய பானையில் இமோனி என்கிற கிழங்குச் சாறு வைப்பார்கள். அதில் முக்கியமான சரக்கு நம் சேப்பங்கிழங்குதான். செண்டாய்க்காரர்கள் மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதும் பன்றி இறைச்சியும் போடுவார்கள். நான் சைவம். அங்கே சாறு என்றாலே மீன் இருக்கும் என்பதால் முதல் வருடம் சும்மா உட்கார்ந்திருக்கத் தயாராகத்தான் போனேன். எனக்காகத் தனியாக ஒரு சின்னப் பானை, கொம்பு என்கிற கடற்பாசியிலும் காளானிலும் இறக்கிய சாறு, தனிக் கரண்டி! யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஐந்து வருடமும் அந்தச் சின்னப் பானை வந்தது.

இனி, என் வீட்டுக்கார அம்மா. ஒரு தரகர் வெளிநாட்டவருக்கு வீடு கிடையாது என்று அனுப்பிவிட்ட மறுநாள், இவர் சாவியைக் கொடுத்தார். காலையில் கிளம்பும்போது "இத்தெ கிமாஸ்" என்று சொல்லப் பழக்கியவர் அவர்தான். அதன் பொருள் போய்விட்டு வருகிறேன். அவர் "இத்தெராஷ்ஷாய்", போய்விட்டு வா என்பார். எங்கள் வீட்டு வாசலில் அம்மா சொல்வதேதான் அது.

2020 மார்ச்சில் இந்தியாவுக்கு விமானங்கள் நின்றன. ஜூலையில் பாட்டி இறந்துபோனார். என்னால் வர முடியவில்லை. ஆகஸ்டில் ஓபோன் வந்தது, முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். வெள்ளரிக்காய்க்குக் குச்சிக்கால் வைத்துக் குதிரை செய்வார்கள், வேகமாக வருவதற்கு. கத்தரிக்காயில் மாடு, மெதுவாகத் திரும்பிப் போவதற்கு. வீட்டுக்கார அம்மா தன் கணவருக்குச் செய்துவிட்டு, என்னிடம் இன்னொரு வெள்ளரிக்காயையும் கத்தரிக்காயையும் நீட்டினார். "உன் பாட்டிக்கு வழி தூரம்" என்றார். அன்று, அவர்கள் வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் பாட்டி படத்தை வைத்து அழுதேன். அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை.

2022 மார்ச் 16 இரவு 11:36 மணிக்கு 7.4 அளவு நிலநடுக்கம் வந்தது. அலமாரி சாய்ந்து தரையெல்லாம் கண்ணாடி. "கட்டில் பக்கத்தில் செருப்பு இல்லாமல் தூங்காதே" என்று 2011 பெரும் நிலநடுக்கத்தைப் பார்த்த வீட்டுக்கார அம்மா முதல் வாரமே சொல்லியிருந்தார். செருப்பு அங்கேதான் இருந்தது. ஆட்டம் அடங்கியதும் டார்ச்சோடு கதவைத் தட்டி என் பெயரைக் கூப்பிட்டார். விடியும்வரை அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கார அம்மா, இந்த மடலை ஜப்பானிய மொழியிலும் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி வையுங்கள். ஓபோனுக்கு வருகிறேன். வெள்ளரிக்காய் இரண்டு வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் மாடி வீட்டுப் பெண்