துடிப்பு சீரானாலும் மாத்திரையை நிறுத்தாதே

நாகர்கோவில்

மக்களே,

"துடிப்பு சரியாயிட்டுல்லா, இனி எதுக்கு இந்த மாத்திரை?" என்று உன் மாமியார் கேட்டதாகச் சொன்னாய். அது ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை, அதை மட்டும் நிறுத்த விட்டுவிடாதே.

அவங்களுக்குத் தாறுமாறாக இருந்த இதயத் துடிப்பைச் சீராக்கத் திருவனந்தபுரத்தில் செய்த அபலேஷன் என்ற சிகிச்சையில் இதயத்தின் இடது மேலறைக்குள் சில இடங்களைச் சுட்டிருக்கிறார்கள். சுட்ட இடம் புண்தானே, ஆறும்வரை அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். துடிப்பு சீரானாலும் அந்த அறை சில வாரம் சோர்ந்துதான் சுருங்கும். அதன் ஓரத்தில் காதுமடல் மாதிரி ஒரு சிறு பை உண்டு. அங்கே தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் யாராக இருந்தாலும் குறைந்தது 2, 3 மாதம் மாத்திரை கட்டாயம். அதற்குப் பிறகும் துடிப்பை வைத்து முடிவெடுப்பதில்லை. பழைய துடிப்புக் கோளாறு படபடப்பே இல்லாமல் திரும்பி வரலாம். வயது, பிரஷர், சுகர் இவற்றைத்தான் பார்ப்பார்கள். அவங்களுக்கு வயது 68, மற்ற இரண்டும் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிடத்தான் சொல்வார்கள்.

அந்த மாத்திரை அபிக்சபான் 5 மி.கி., காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. மறந்துபோய் 6 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடு. அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு ஒன்றே ஒன்று. ஆள் மெலிவு என்று யாராவது 2.5 ஆக்கச் சொன்னால் கேட்காதே. 80 வயதோ அதற்கு மேலோ, 60 கிலோவோ அதற்குக் கீழோ எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5ஓ அதற்கு மேலோ, இதில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் டாக்டர் குறைப்பார். அவங்களுக்கு எடை 58 என்ற ஒன்றுதான். ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது. முருங்கைக்கீரை தாராளமாகக் கொடு; கீரையில் கணக்குப் பார்ப்பது ரத்தம் உறையாமல் தடுக்கிற வேறு மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு.

முட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, வயிற்றில் ரத்தம் கசியும். பாரசிட்டமால் போதும். வர்ம ஆசானிடம் அழுத்தித் தடவ இப்போது வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றைக்கே காட்டு.

இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விடாதே. சுட்ட சூடு பின்னால் இருக்கிற உணவுக்குழாயைத் துளைத்திருக்கலாம். அபலேஷன் செய்ததை முதலிலேயே சொல்லி, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் கேள். எண்டோஸ்கோப்பி செய்ய விடாதே. அதில் ஊதுகிற காற்று அந்தத் துளை வழியே இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறலாம்.

வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதே. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் கடைசி மாத்திரை கொடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள். கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதைப் போடலாமா என்று முடிவெடுக்க அந்த இரண்டு நேரமும் வேண்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு என்று எனக்குச் சொல்லு.

அம்மா