பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற பொருளா விமானம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மிக்-21 போர் விமானம் ஓய்வு பெற்றதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1963-ல் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது. அதற்கு உங்கள் செய்தியாளர் கடைசியாக எழுதிய வரி: 'இனி பேரீச்சம்பழத்துக்குத்தான்.' இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை ஐயா. அதன் உடம்பில் பெரும்பகுதி இரும்புகூட இல்லை, அலுமினியக் கலவை. உங்களுக்குத் தெரியாததா?

விமானப்படையில் இருபது வருஷம் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன் நான். அந்த வரியை எழுதியவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? நம் பக்கத்தில் எல்லோருக்கும் அந்த நினைப்புதான். பேரன் படிக்கும் பொறியியல் கல்லூரிக்குப் போன ஐப்பசியில் போயிருந்தேன். வாசலில் ஒரு கிரண் பயிற்சி விமானம். பெங்களூரில் நம் ஆட்கள் செய்தது. பார்த்ததும் ஓடிப்போய்த் தொட்டேன். பளபளவென்று சில்வர் பெயிண்ட். இறக்கையில் இருக்கும் வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை வர வேண்டும். பச்சையை வெளியே போட்டிருந்தார்கள். சரி, பெயிண்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பொறுத்துக்கொண்டேன்.

குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தபோதுதான் மனசு விட்டுப்போனது. மழைத்தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அத்தனையையும் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையோரம் தகடு உப்பி நிற்கிறது. விரல் வைத்தால் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. என்ஜினுக்குக் காற்று போகும் திறப்பில் புறாக் கூடு. அந்த எச்சமும் உலோகத்தை அரிக்கும். அலுவலகத்தில் சொன்னேன். 'இப்பத்தான் சார் புதுசா பெயிண்ட் அடிச்சோம்' என்றார்கள்.

நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ 11-இன் கொலம்பியா கலத்தில், அதில் போன விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் உட்சுவரில் கையால் எழுதிய வரிகளை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? மதுரைத் தமுக்கத்துப் பக்கம் நம் காந்தி மியூசியத்தில் இரத்தக்கறை படிந்த துணி இருக்கிறதே. அதைத் துவைத்து இஸ்திரி போட்டா வைத்திருக்கிறோம்? கறைதானே அங்கே வரலாறு. விமானத்துக்கும் அப்படித்தான். பேனலுக்கு உள்பக்கம் நாங்கள் பென்சிலில் போட்ட தேதியும் இனிஷியலும்கூட அதன் வரலாறுதான். அந்தக் கிரணில் அதன் மேலேயும் சில்வர் அடித்திருக்கிறார்கள்.

விக்ராந்த் கதை உங்களுக்குத் தெரியும். 1971 போரில் நின்ற விமானம் தாங்கிக் கப்பல், மும்பையில் மியூசியமாகப் பல வருஷம் இருந்தது. 2014-ல் உடைத்தே போட்டார்கள். அப்போதும் இதே பத்திரிகைக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. அப்புறம் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மதுரை வட்டாரத்தில் எந்தக் கல்லூரியிலாவது, பள்ளியிலாவது பழைய விமானம் நின்றால், மேலே ஒரு தகரக் கொட்டகை போடச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடட்டும். அந்தத் துளைகளைத் திறந்துவிட்டு, புறாக் கூட்டுக்கு வலை கட்டிவிட்டு வருகிறோம். காசு வேண்டாம். ஏணியை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை ஊழியர் ஒருவர்,
திருமங்கலம்.